சீர்திருத்திய உவர்நிலத்தில் புல்பூண்டுகளைக் கணித்தறியும் முறை

உவர் பாய்ந்து கெட்ட நிலத்தைத் திருத்தியபின், அது சாகுபடிக்குத் தகுதியாயிற்றா என்பதை நிலக்காரர் பெரும்பாலும் வரப்பின்மீது நின்று பார்த்தே முடிவு செய்கின்றனர். இம்முடிவு பலகாலும் பிழைபடுகின்றது. பக்கவாட்டில் நோக்குமிடத்து, முன்னிற்கும் செடிகள் பின்னுள்ள வெற்றிடங்களை மறைத்துவிடும். உப்போ நிலமெங்கும் ஒரே சீராயிராமல் திட்டுத் திட்டாகவே நிற்பது. இதனையறியாது நடவு செய்வோர் விதையையும் கூலியையும் ஒருங்கே இழப்பர்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் மாவட்டக் கடலோர வயல்களில் உப்புநீர் புகுந்தது. படிந்த மணலையும் சேற்றையும் அகற்றியும், மழைநீரைத் தேக்கி வடித்தும், தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதும் அந்நிலங்கள் திருத்தப்பட்டன. இத்தகைய நிலத்தின் நிலைமையை அதில் தானே முளைக்கும் பூண்டுகள் ஓரளவு காட்டும். உமரி மிகுந்திருப்பின் உப்பு நீங்கவில்லையென்று ஐயுறல் வேண்டும்.

கண்மதிப்பு தவறும் என்பதை 1898-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் நெப்ராஸ்காப் புல்வெளிகளில் ராஸ்கோ பௌண்டு, பிரெடரிக் கிளெமென்ட்ஸ் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். அவர்கள் நிலத்திற் சதுரங்களை வகுத்து, அவற்றுள் நின்ற செடிகளை எண்ணிக் கணக்கிட்டனர். அம்முறையை நம் நிலக்காரரும் எளிதிற் கையாளலாம்.

முதலாவது, மூங்கிற் பிளாச்சுகளால் ஒரு மீட்டர் நீள அகலமுள்ள சதுரச் சட்டம் ஒன்று செய்துகொள்க. நிலத்தை மேட்டுப்பகுதி, பள்ளப்பகுதி எனத் தனித்தனியே பிரித்துக்கொள்க. வரப்போரத்தில் இரண்டு மீட்டர் விட்டுவிடுக. ஏக்கருக்கு இருபது இடங்கள் பார்ப்பது நல்ல தொடக்கமாகும். அது நிலத்தின் ஏறக்குறைய இருநூற்றிலொரு பங்கு.

இரண்டாவது, இடங்களை மனம்போனவாறு தெரிந்தெடுத்தல் கூடாது. எண்களைச் சீட்டுகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, வரும் முதலெண்ணின்படி நீளவாட்டிலும் அடுத்த எண்ணின்படி அகலவாட்டிலும் அடியளந்து சென்று, நின்றவிடத்திற் சட்டத்தை வைக்க. அவ்விடம் வெறுந்தரையாயிருப்பினும் சட்டத்தை நகர்த்தலாகாது. வெற்றிடமும் கணக்கிற்கு உரியதே. அதனைச் சுழியென எழுதுக.

மூன்றாவது, சட்டத்துள் நிற்கும் செடிகளின் பெயர், எண்ணிக்கை, பச்சை மூடிய பரப்பு ஆகியவற்றைக் குறிப்பேட்டிற் பதிக.

எடுத்துக்காட்டாக, இருபது சட்டங்களில் ஆறில் உமரி காணப்படின், அது நூற்றுக்கு முப்பது ஆகும். ஆயின், இவ்வாறும் பள்ளத்தில் வைத்த எட்டுச் சட்டங்களுள் அடங்கின், பள்ளத்தில் உமரி நூற்றுக்கு எழுபத்தைந்து, மேட்டிலோ ஒன்றுமில்லை. எனவே மேட்டில் நடவு செய்வதுபற்றி யோசிக்கலாம். பள்ளத்திற்கே வடிகால் வேண்டும். மொத்தச் சராசரியை மட்டும் கொள்பவர் ஏக்கர் முழுமைக்கும் வீண் செலவு செய்வர், அல்லது பள்ளத்திலிட்ட நாற்றை இழப்பர்.

தரை எவ்வளவு மூடியுள்ளதென விரைவில் அறிய, சமதூரத்தில் நூறு முடிச்சிட்ட கயிற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டி, ஒவ்வொரு முடிச்சின் நேர்கீழேயும் பச்சையுண்டா எனப் பார்க்க. அறுபது முடிச்சுகளின்கீழ் உண்டெனின், மூடிய பரப்பு நூற்றுக்கு அறுபதாகும்.

கோடையில் உப்பு மேலேறும், மழைக்குப்பின் கீழிறங்கும். ஆதலின் ஆண்டுதோறும் ஒரே மாதத்திற் கணித்து, அருகிலுள்ள கெடாத வயலோடு ஒப்பிடுதல் வேண்டும். செடிகளின் சான்று ஒன்றே போதாது. சட்டம் வைத்த இடங்களிலிருந்தே மண்ணும் எடுத்து ஆய்வுநிலையத்திற்கு அனுப்புக. கிராம அலுவலர் முன்னிலையில் இவ்வாறு பதிந்த குறிப்பேடு, நிவாரணம் கோருங்காலத்து வாய்ச்சொல்லினும் வலிய சான்றாகும்.