ஓ.டி. பணம்: கேட்பதற்கு முன் கணக்கும் சான்றும்

மாதச் சம்பளம் 15,600 ரூபாய், வேலை நாள் 26 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 600, மணிக்கு 75 ரூபாய். காலை ஒன்பதரைக்கு உள்ளே போய் இரவு ஒன்பதரைக்கு வெளியே வருகிறீர்கள். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. அப்படியானால் வேலை பார்த்தது பதினோரு மணி நேரம். எட்டுக்கு மேற்பட்ட மூன்று மணிக்கும் சட்டப்படி இரட்டிப்புக் கூலி உண்டு. மணிக்கு 150, நாளுக்கு 450, மாதத்துக்கு 11,700 ரூபாய். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடையோ, திருவொற்றியூர் நெடுஞ்சாலை சூப்பர் மார்க்கெட்டோ, எங்கே வேலை பார்த்தாலும் உங்கள் சம்பளத்தை வைத்து இந்தக் கணக்கை இன்றைக்கே போட்டுப் பாருங்கள். தீபாவளி சீசனில் "கொஞ்சம் லேட் ஆகும்" என்பதற்கு எவ்வளவு பணம் என்று தெரிந்துவிடும்.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. ஓ.டி. சேர்த்தாலும் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். இருபது நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டுக் கவுண்டருக்கு ஓடிவந்தால் மீதி நாற்பது நிமிடமும் வேலை நேரம்தான். அதையும் கணக்கில் சேருங்கள். 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று 2019இல் அரசு அனுமதித்தபோதுகூட எட்டு மணி வேலை, வார விடுமுறை, ஓ.டி. உட்படச் சம்பளம் வங்கிக் கணக்கில் என்ற நிபந்தனைகளைப் போட்டே அனுமதித்தது. நின்றபடியே நாள் முழுக்க வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் 2021இல் வந்தது.

ஒரு எச்சரிக்கை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனாலேயே சில இடங்களில் பில் போடுபவருக்கும் 'அசிஸ்டன்ட் மேனேஜர்' என்று அட்டை மாட்டிவிடுகிறார்கள். பட்டத்தைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் வழக்கில் எடுபடும்.

இனி சான்று. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஒரு சிறிய நோட்டு வாங்கி, வந்த நேரம், சாப்பிடப் போன நேரம், திரும்பிய நேரம், கிளம்பிய நேரம் நான்கையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் குறிப்புக்கு மதிப்புக் குறைவு. கைரேகை வைத்து 'அவுட்' போட்ட பிறகும் ஸ்டாக் எண்ணச் சொன்னால், அதைத் தனியாகக் குறியுங்கள். கடை விடுதியில் தங்கியிருப்பவர்கள் நோட்டை அங்கே வைக்காமல் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு "இப்பதான் கிளம்பினேன்" என்று தினமும் வாட்ஸ்அப் அனுப்பலாம். நேரம் தானாகப் பதிவாகும். "நாளைக்கு எல்லாரும் எட்டு மணிக்கே வரணும்" என்று சூப்பர்வைசர் குரூப்பில் போட்ட செய்தி பெரிய சான்று. வேலையை விட்டதும் குரூப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள், முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அந்த போனையும் விற்றுவிடாதீர்கள். மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்யும்போது அதற்கான சான்றிதழும் தேவைப்படும்.

அமெரிக்காவில் வால்மார்ட் ஊழியர்களுக்குக் கைகொடுத்ததும் இதுபோன்ற பதிவுகள்தான். பென்சில்வேனியாவில் ஓய்வு இடைவேளை மறுக்கப்பட்டதாகத் தொடுத்த வழக்கில் நிறுவனத்தின் சொந்தப் பதிவுகளே அதற்கு எதிரான சான்றாயின. ஊழியர்களுக்குச் சாதகமான அந்தத் தீர்ப்பை மாநில உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதி செய்தது. அதற்கு முன்பே, 2008 டிசம்பரில், சம்பளமும் இடைவேளையும் தொடர்பான 63 வழக்குகளை முடித்துக்கொள்ளக் குறைந்தது 35.2 கோடி டாலர், அதிகபட்சம் 64 கோடி டாலர் தர வால்மார்ட் ஒப்புக்கொண்டது. தனியாளாகக் கேட்டிருந்தால் அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் ஒருவருக்கும் நாற்காலி கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சேர்ந்து கேட்பது நம் ஊருக்குப் புதிதல்ல. பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களை மையமாக வைத்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பதும் முதல் குறைகளுள் ஒன்று.

சேர்ந்து கேட்க இன்றைக்கும் வழி இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஒரே நிறுவனத்தின் எத்தனை ஊழியர்களுக்கும் சேர்த்து ஒரே மனு கொடுக்கலாம். நீங்கள் உறுப்பினராக இருக்கும் பதிவுபெற்ற சங்கமே உங்களுக்காக மனு போடலாம். தன் பெயர் முன்னால் வர அஞ்சுபவர்களுக்கு இது நல்ல வழி. மூன்று ஆண்டு வரையிலான பாக்கியைக் கேட்கலாம். சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பாக்கியோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரம் உண்டு. எண்ணூர், மணலிப் பக்கம் குடோன்களில் ஏஜென்ட் மூலம் வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஏஜென்ட் கைவிரித்தால் குடோன் நடத்தும் நிறுவனம் அந்தச் சம்பளத்துக்குப் பொறுப்பு.

மனு போட்டால் வேலை போய்விடுமே என்ற பயம் நியாயமானது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமோ ஒரு மாத நோட்டீஸோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது கடைகள் சட்டம்; நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். முதல் படியாகத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். வக்கீல் வேண்டுமென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் அந்த உதவி கிடைக்கும்.

பேச்சுவார்த்தைக்கு நிர்வாகம் கூப்பிட்டால் போங்கள், ஆனால் இருவராகப் போங்கள். 'கணக்கு முடிந்தது' என்ற தாளை நீட்டினால் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எத்தனை மணி நேரத்துக்கு, எவ்வளவு என்று அதில் எழுதச் சொல்லுங்கள். வெற்று வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் ஒன்றைக் கையோடு வாங்குங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே மனுவைத் திரும்பப் பெறுங்கள்.