பிராணவாயுவை விடாத பாட்டரி

சிரஞ்சீவி குமாருக்கு மாமா எழுதிக்கொண்டது.

மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போன இடத்தில் ஒரு வண்டிக்கு ஈய பாட்டரி, மற்றொன்றுக்கு என்.எம்.சி., இன்னொன்றுக்கு எல்.எஃப்.பி. என்று கூறினார்களாம், இவற்றில் எது சிரேஷ்டம் என்று கேட்டிருக்கிறாய்.

ஈய பாட்டரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1859இல் பிரான்ஸ் தேசத்துக் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த அது வீட்டு இன்வெர்ட்டருக்கு இன்றும் உபயோகமானதே. எனினும் கிலோவுக்கு 30, 40 வாட்-மணி சக்தியையே தாங்குவதால், ஓடும் வண்டிக்கு வீண் பாரம்.

மற்ற இரண்டும் லித்தியம் ஜாதி. இரண்டிலும் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்கும் நேர்முனைக்கும் இடையே போய் வருகின்றன. பேதமெல்லாம் அந்த நேர்முனைப் பதார்த்தத்தில்தான். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் ஆகியவற்றின் ஆக்ஸைடால் ஆன என்.எம்.சி., எடைக்கு எடை அதிக சக்தியைத் தாங்குவதால் வண்டியை நெடுந்தூரம் கொண்டு செல்லும் என்பது மெய்யே. ஆயினும் உஷ்ணம் எல்லை மீறினால் அதன் படிகமே பிராணவாயுவை வெளிவிட, வெளிக்காற்றை எதிர்பாராமல் உள்ளிருந்தே தீ வளரும் அபாயம் அதற்கு உண்டு. இரும்பு பாஸ்பேட்டாலான எல்.எஃப்.பி.யிலோ, ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவும் நான்கு பிராணவாயு அணுக்களை இறுகப் பற்றியிருப்பதால், சுட்டாலும் அவை எளிதில் பிரிவதில்லை. உள்ளிருக்கும் திரவம் எரியக்கூடியதாகையால் தீயே பிடிக்காது என்று எண்ணிவிடாதே. அபாயம் வெகுவாகக் குறைவு, அவ்வளவே. கோபால்ட் தேவைப்படாததும் எனக்குப் பெரிய ஆறுதல். அந்த உலோகத்தின் பெரும்பகுதியைத் தரும் காங்கோ தேசத்தில் சிறுவர்களும் சுரங்கங்களில் உழைக்கிறார்கள்.

இதில் நீ அறிந்து மகிழ வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம், 1980களின் பிற்பகுதியில் குட்இனஃப் என்ற பேரறிஞரோடு சேர்ந்து, சல்பேட் போன்ற அயனிகளைச் சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தும் உயர்ந்த வோல்டேஜ் பெறலாம் என்று காட்டினார். அவ்வழியில் வந்ததே, டெக்ஸாஸில் குட்இனஃப் குழுவினர் 1997இல் வெளியிட்ட இரும்பு பாஸ்பேட். 2019இல் 97 வயதில் நோபெல் பரிசு பெற்ற குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபெல் பேருரை நிகழ்த்தியவரும் மந்திரமே.

எல்.எஃப்.பி.க்குக் குறைகள் இல்லாமலில்லை: சற்றுக் கனம், கடுங்குளிரில் சோர்வு. நம் ஊர் வெயிலில் குளிரைப் பற்றிய கவலை வேண்டாம். கல்லூரிக்குப் போய்வர அதுவே போதும். ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். வோல்டேஜ் நெடுநேரம் ஒரே மட்டமாக நிற்பதால் மீதி சக்தியின் கணக்கு பிசகக்கூடும். அதற்காக அவ்வப்போது முழுமையாக சார்ஜ் ஏற்று. வெயிலில் ஓட்டி வந்தவுடன் ஏற்றாமல் முதலில் ஆறவிடு.