இன்ட் நிரம்பினால் மைனஸ் ஆகுமா?

"ஸ்கூட்டர் மீட்டர் 99999 தாண்டினால் 00000-க்கு வருகிறதல்லவா? இன்ட்டும் அப்படித்தான் சார். 2147483647-ஓடு ஒன்றைக் கூட்டினால் மைனஸ் 2147483648. சுற்றிக்கொண்டு வந்துவிடும்." சி தெரியும் என்று வருகிற இளைஞர்கள் பலரும் இதைக் கொஞ்சமும் தயங்காமல் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

சி மொழியின் தரநிலை அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. சைன்டு எண் எல்லை தாண்டினால் என்ன நடக்கும் என்பது வரையறுக்கப்படவில்லை என்றுதான் அதில் இருக்கிறது. சுற்றி வரும் உத்தரவாதம் அன்சைன்டுக்கு மட்டும்.

"ஓட்டிப் பார்த்தேனே, சுற்றியதே!" என்பார்கள். ஓட்டுவது புராசஸர், எதை ஓட்டுவது என்று தீர்மானிப்பது கம்பைலர். எல்லையைச் சோதிக்க 'அ + 100 < அ' என்று ஒரு வரி எழுதுகிறீர்கள். எல்லை தாண்டுவது நடக்கவே கூடாத காரியம், அது நடக்காதவரை நூறு கூட்டிய எண் குறையாது, ஆகவே இந்தச் சோதனை வெட்டி வேலை என்று கம்பைலர் அதைத் தூக்கி எறிந்துவிடலாம். டீபக் பில்டில் ஒழுங்காக வேலை செய்த வரி ரிலீஸ் பில்டில் காணாமல் போகும். 2007-இல் ஒருவர் கொதித்துப்போய் ஜிசிசி பிழைப்பட்டியலில் இதைப் புகாராகவே பதிந்தார். இது பிழையே அல்ல என்று மூடிவிட்டார்கள். கூட்டிவிட்டுப் பார்க்காதீர்கள், 'அ > 2147483647 − 100' என்று கூட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

சி23 வந்ததும் வதந்திக்குப் புது உயிர். டூஸ் காம்ப்ளிமென்ட் கட்டாயமாகிவிட்டதாம், இனி சுற்றுமாம்! கட்டாயமானது மைனஸ் எண்ணை பிட்டுகளில் எழுதும் முறை. எல்லை தாண்டுவது இன்றும் வரையறைக்கு வெளியேதான். தலைப்பை மட்டும் படித்தால் இப்படித்தான்.

சுற்றினால் மட்டும் என்ன நன்மை? ஜாவாவில் விதிப்படியே சுற்றும். அதன் நூலகத்தில் இருந்த பைனரி சர்ச், இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தது. மிகப் பெரிய அர்ரேயில் கூட்டுத்தொகை மைனஸுக்குப் போகும் இந்தப் பிழை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஜோஷுவா பிளாக் என்ற நிரலாளர் 2006-இல் அதைப் பற்றி எழுதி அம்பலப்படுத்தினார்.

மற்ற வதந்திகள் சில்லறை. 'லாங் என்றால் 8 பைட்': 64-பிட் லினக்ஸில் சரி, 64-பிட் விண்டோஸில் 4. அளவு முக்கியமென்றால் இன்ட்64_டி என்று எழுதுங்கள். 1999 தரநிலையிலேயே வந்தாயிற்று.

'கேர் எப்போதும் சைன்டு': இன்டெல் லினக்ஸில் ஆம், ஆர்ம் லினக்ஸில் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இது அகப்படாது. அந்த எழுத்துகள் 127-க்குள் அடங்கிவிடும். யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்தின் முதல் பைட் 224. சைன்டு கேரில் அது மைனஸ் 32. அதையே அட்டவணையின் இன்டெக்ஸாகப் போட்டால், அட்டவணைக்கு முன்னால் கிடக்கும் நினைவகத்தைப் படிப்பீர்கள்.

'இன்ட் 2 பைட்' என்பது டர்போ சி கொடுத்த சீதனம். அது டாஸ் காலத்து 16-பிட் கம்பைலர். அந்த நீலத் திரையை இன்னும் கட்டிக்கொண்டு அழும் ஆய்வகங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஜிசிசி இலவசம். அதில் யூபிசான் என்ற சோதனைக் கருவியை இணைத்து ஓட்டினால், எந்த வரியில் எந்த எண் எல்லை தாண்டியது என்று அதுவே சொல்லும். துறைத் தலைவர்களே, அடுத்த செமஸ்டருக்காவது டர்போ சி-யை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.