காகிதத்தில் ஓர் ஆடை

காகிதம் நனைந்தால் கிழிந்துவிடும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் ஜப்பானியர் காகிதத்தால் துணி நெய்து, உடுத்தி, துவைக்கவும் செய்தார்கள் என்றால் வியப்பாக இல்லையா? அத்துணியின் பெயர் 'ஷிஃபு'. 'ஷி' என்றால் காகிதம். 'ஃபு' என்றால் துணி.

எடோ காலத்தில் (1603–1868) குளிர் மிகுந்த வடபகுதிகளில் பருத்தி சரியாக விளையவில்லை. அங்கிருந்த ஏழை உழவர்கள் எழுதித் தீர்ந்த கணக்குப் புத்தகங்களை நூலாக்கி நெய்துகொண்டார்கள். மியாகி மாநிலத்தின் ஷிரோயிஷி என்னும் ஊரிலோ, புதுக் காகிதத்தில் மெல்லிய ஷிஃபு நெய்யப்பட்டு உயர்குடியினருக்குச் சென்றது.

முதலில் தாளை மடித்து, இரு ஓரங்களையும் விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் கீறுவார்கள். ஈரத்துணிக்குள் வைத்துப் பதமாக்கி, சொரசொரப்பான கல்லின்மேல் உள்ளங்கையால் உருட்டுவார்கள். கீற்றுகள் உருண்டு இழைகளாகும். பிறகு ஓரங்களை, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என மாற்றி மாற்றிக் கிழித்தால் முழுத்தாளும் ஒரே நீள நூலாகிவிடும்! அதை இராட்டையில் முறுக்கேற்றுவார்கள். பெரும்பாலும் பாவு பருத்தியாகவோ பட்டாகவோ இருக்கும்; ஊடைதான் காகிதம்.

என் தாத்தா குரோம்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையை மூடிய பின்னும் கணக்கு நோட்டுகளைப் பரணில் வைத்திருந்தார். சென்ற விடுமுறையில் அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போடலாம் என்று அம்மா சொன்னபோது தாத்தா ஒன்றும் பேசவில்லை. நான் ஒரு நோட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவசரக்காரியாகிய நான் தாளைத் தண்ணீரில் முக்கிவிட்டேன். கூழாகிவிட்டது! மறுமுறை ஈரத்துணியில் சுற்றி, அம்மிக்கல்லில் உருட்டினேன். சாண் நீளம் வந்ததும் அறுந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஜப்பானியக் காகிதம் 'கோசோ' என்னும் முசுக்கட்டை இனச் செடியின் பட்டையில் செய்வது. அதன் நார் நீளமானது. நம் நோட்டுத்தாளின் மரக்கூழ் நாரோ மிகக் குட்டை. (புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறையில் பருத்தித் துணிக் கழிவைக் காகிதமாக்குகிறார்கள். அங்கே துணி காகிதமாகிறது. ஜப்பானிலே காகிதம் துணியாகிறது!)

அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு, அட்டையில் தையல் நூலைப் பாவாகக் கட்டி, விரலகலத்தில் ஒரு புத்தக அடையாளப் பட்டை நெய்து முடித்தேன். பால்பாயிண்ட் எழுத்துகள் அதில் நீலப் புள்ளிகளாகத் தெரிந்தன.

தாத்தா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஏம்மா, இது எந்த வருஷத்துக் கணக்கு? யார் பேர்லயாவது பாக்கி தெரியுதா பாரு" என்றார்.