தடைக்காலத்தில் ஒரு கணக்கு வகுப்பு

பத்தாம் வகுப்பில் ஒன்றிரண்டு பாடங்களில் தேர்ச்சி பெறாமல் வேலைக்குப் போய்விட்ட மாணவர்களை நாம் எல்லோரும் அறிவோம். காசிமேட்டில் அவர்களுக்காக நடைபெறும் மாலை வகுப்பில் தன்னார்வலராகக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். அங்கே பயன்தந்த சிலவற்றை ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

காலம் அறிதல்

மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடியுமுன் தொடங்கிவிடும். கூடை சுமப்பவரும் ஐஸ் உடைப்பவரும் இரவு ஒன்பது மணிக்கு விழித்திருந்து படிக்க இயலாது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு மே மாதத்தில் வருகிறது. துணைத்தேர்வு பொதுவாக ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ நடக்கிறது. ஆகவே தடைக்காலமே இவர்களுக்கு ஏற்ற படிப்புக்காலம். பகலில் படகுக்கு வண்ணம் பூசவும் வலை சீராக்கவும் செல்பவர்கள் மாலை ஏழு மணிக்கு வந்துவிடுகிறார்கள்.

தெரிந்ததிலிருந்து தொடங்குதல்

கணக்கு வினாத்தாளில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என 16 மதிப்பெண்கள் உள்ளன. தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால் இவ்விரண்டையும் முதலில் எடுக்கிறேன்.

எதிர் மாறுபாட்டுக்கு இப்படிக் கேட்டேன்: "ஒரு படகு மீனை இறக்க 4 பேருக்கு 6 மணி நேரம். 8 பேர் நின்றால்?"

"மூணு மணி நேரம் சார். ஆனா எட்டுப் பேருக்குக் கூலி கொடுத்தா கட்டுப்படியாகாது" என்றார் ஒரு மாணவர்.

2 பேர், 3 பேர், 6 பேர் என அவர்களே அட்டவணையை நிரப்பினார்கள். ஒவ்வொரு வரிசையிலும் பெருக்கற்பலன் 24 என்பதை அவர்களே கண்டார்கள். அதன் பிறகுதான் xy = 24 என்று கரும்பலகையில் எழுதினேன். புள்ளிகளைக் குறித்து வளைவரை வரைய அன்று யாரும் தயங்கவில்லை.

வழி காட்டுதல்

தேர்ச்சி பெற்ற பாடங்களை மீண்டும் எழுத வேண்டியதில்லை என்பதே பலருக்குத் தெரிவதில்லை. நேரடித் தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்னதாகவே பதிவு செய்து, 80 விழுக்காடு வருகை தரவேண்டும். இந்த அறிவிப்பைத் தவறவிட்டால் ஓராண்டு வீணாகும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டு, தேதியை நாமே சொல்லிவிடலாம்.

இந்தச் சான்றிதழ் இருந்தால் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். எண்ணூர், மணலி ஆலைகளைச் சுற்றி வாழும் பிள்ளைகளுக்கு அது நாட்கூலியிலிருந்து வெளியேறும் வழி.

முடிவு வெளியாகும் நாளில் தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிட்ட கையோடு, தேர்ச்சி பெறாதவர்களின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் எழுதிக்கொள்வோம். அன்று மாலையே அவர்களை அழைத்துப் பேசுவோம். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்களே.