நாம் இருக்கும் இடமும் ஓர் அமானிதமே

 

அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் முன் ஸலாம் சொல்லி அனுமதி பெற வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயத்தின் 27-வது வசனம் தரும் கட்டளை. பிறரைத் துருவித் துருவி ஆராயக் கூடாது என்பது அல்ஹுஜுராத் 12-வது வசனம் தரும் கட்டளை. மதரஸா பிள்ளைகளும் அறிந்த பாடங்கள் இவை. இன்று நம் சட்டைப் பையிலேயே இன்னொரு வாசல் இருக்கிறது. நாம் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறோம் என்பதைச் செல்போன் அறிந்து வைத்திருக்கிறது. அந்தத் தகவலை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வது நம் பொறுப்பு. பலர் அந்தப் பொறுப்பை 'அலவ்' என்ற ஒரே பொத்தானில் கைவிட்டு விடுகிறோம்.

தொழுகை நேரச் செயலியில் நடந்தது

முஸ்லிம் புரோ என்ற செயலியை நம்மில் பலர் அறிவோம். சிங்கப்பூரைச் சேர்ந்த பிட்ஸ்மீடியா நிறுவனம் உருவாக்கியது. பாங்கு நேரம், கிப்லா திசை ஆகியவற்றுக்காக உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதைப் பதிவிறக்கியுள்ளனர். 2020 நவம்பரில் அமெரிக்காவின் மதர்போர்டு என்ற இணைய இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. இந்தச் செயலியைப் பயன்படுத்துவோரின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குப் போகிறது, அந்த நிறுவனம் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களுக்குத் தகவல் விற்கிறது என்பதே அச்செய்தி. ராணுவத்துக்குத் தாங்கள் தகவல் விற்கவில்லை என்று முஸ்லிம் புரோ மறுத்தது. ஆயினும் எக்ஸ்-மோட் உடனான தொடர்பை உடனே துண்டிப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும், எக்ஸ்-மோடின் நிரலைத் தங்கள் செயலிகளிலிருந்து நீக்கும்படி செயலி தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டன. வழிபாட்டுத் தலம், மருத்துவமனை போன்ற இடங்களுக்கு யார் யார் போனார்கள் என்று காட்டும் தகவலை விற்பதற்கு 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்துக்குத் தடை விதித்தது.

இதில் நமக்குப் பாடம் என்ன? யாரும் நம் போனை உடைத்து உள்ளே வரவில்லை. தொழுகைக்காக நாமே கொடுத்த அனுமதிதான் கைமாறிக் கைமாறி எங்கோ போய்ச் சேர்ந்தது.

தொழுகைக்கு எவ்வளவு தேவை?

தொழுகை நேரம் கணக்கிட, நாம் நிற்கும் தெரு தேவையில்லை. நம் பகுதியில் கிழக்கு மேற்காகச் சுமார் 27 கிலோமீட்டர் போனால்தான் லுஹர் வக்து ஒரு நிமிடம் மாறும். சென்னைக்கும் திருப்பூருக்குமே சுமார் 12 நிமிடம்தான் வித்தியாசம். வேலம்பாளையத்தில் இருந்தாலும் அவிநாசியில் இருந்தாலும் ஒரு நிமிட வித்தியாசம்கூட வராது. கிப்லாவும் அப்படியே. திருப்பூர் முழுவதற்கும் அது நேர் மேற்கிலிருந்து வடக்குப் பக்கம் ஏறத்தாழ 21 பாகை சாய்ந்திருக்கும்.

ஆகவே, தொழுகை நேரச் செயலியில் ஊர் பெயரைத் 'திருப்பூர்' என்று கையால் தேர்ந்தெடுத்துவிட்டு, லொகேஷன் அனுமதியை முழுவதும் நிறுத்திவிடலாம். பாங்கு நேரம் தவறாது. பள்ளிவாசலில் தொங்கும் நேர அட்டவணை எவரிடமும் அனுமதி கேட்பதில்லை என்பதையும் நினைவில் கொள்வோம்.

சரிபார்க்கும் முறை

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், லொகேஷன், ஆப் பெர்மிஷன் என்ற வரிசையில் செல்லுங்கள். போனுக்குப் போன் பெயர் சற்று மாறலாம். அங்கே உங்கள் செயலிகள் பிரிவு பிரிவாக இருக்கும்.

1. 'எப்போதும் அனுமதி' என்ற பிரிவை முதலில் பாருங்கள். நாம் செயலியைத் திறக்காதபோதும் இருப்பிடத்தைப் பார்க்கக் கூடியவை இவை. இங்கே அநேகமாக எதுவும் இருக்கத் தேவையில்லை.

2. வழி காட்டும் வரைபடம், ஆட்டோ, டாக்ஸி அழைக்கும் செயலி போன்றவற்றுக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பது போதும்.

3. வானிலை போன்றவற்றுக்குத் 'துல்லியமான இருப்பிடம்' என்ற பொத்தானை அணைத்துவிடுங்கள். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த வசதி உண்டு. ஐபோனில் 2020 முதல் உண்டு. அப்போது செயலிக்கு நம் பகுதி மட்டும் தெரியும், வீடு தெரியாது.

4. விளையாட்டு, டார்ச், போட்டோ அழகுபடுத்தும் செயலிகளுக்கு அனுமதியே வேண்டாம்.

சம்பளத்துக்கு முன் அவசரத் தேவைக்குச் செயலி வழியாகக் கடன் வாங்கும் தொழிலாளச் சகோதரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, கடன் செயலி நம் தொடர்பு எண்களையோ, கோப்புகளையோ, அழைப்புப் பட்டியலையோ தொடக் கூடாது. இருப்பிடத்தைக்கூட, வாடிக்கையாளராகச் சேர்க்கும்போது ஒரே ஒரு முறை, நம் சம்மதத்துடன்தான் பார்க்கலாம். எப்போதும் லொகேஷன் கேட்கும் கடன் செயலியை விட்டு விலகுங்கள். வட்டியின் கேடு பற்றி நாம் தனியே சொல்ல வேண்டியதில்லை.

குடும்பத்துக்குள்

இருப்பிடத்தைப் பகிர்வதே தவறு என்று நாம் சொல்லவில்லை. நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி வேனில் வரும் மகள், வாட்ஸ்அப்பில் அத்தாவுக்கு லைவ் லொகேஷன் அனுப்பலாம். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என மூன்று அளவுகள் உண்டு. நேரம் முடிந்ததும் அது தானே நின்றுவிடும். உம்ரா சென்றவர்கள் கூட்டத்தில் பிரியாமலிருக்கவும், ஞாபக மறதியுள்ள பெரியவர்களைக் காக்கவும் இது உதவும். தேவைக்கு, தெரிந்து, வேண்டிய நேரம் வரை கொடுப்பதே முறை.

ஆனால் மனைவியின் போனை அவருக்குத் தெரியாமல் எடுத்து, கூகுள் மேப்ஸில் பகிர்வை இயக்கி வைப்பது பாதுகாப்பு அல்ல, வேவு பார்த்தல். அன்பின் பெயரால் செய்தாலும் பெயர் மாறாது. வளர்ந்த பிள்ளைகளிடமும் காரணத்தைச் சொல்லிக் கேட்டுப் பெறுவோம். கேட்டுப் பெற்றதை அவர்கள் மறைக்க மாட்டார்கள். தெரியாமல் பார்த்தால், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகப் பழகுவார்கள்.

உங்கள் இருப்பிடம் யாருக்குத் தெரிகிறது என்று அறிய, கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு 'லொகேஷன் ஷேரிங்' பகுதியையும், வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசியின் கீழ் 'லைவ் லொகேஷன்' பகுதியையும் பாருங்கள். பகிர்வை நிறுத்தினால் வீட்டில் அடி, உதை வரும் என்று அஞ்சும் சகோதரிகள், அவசரப்பட்டு நிறுத்துமுன் நம்பிக்கையானவரிடமோ, 181 பெண்கள் உதவி எண்ணிலோ வேறு போனிலிருந்து ஆலோசனை கேளுங்கள்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில், பிணையில் வருபவர் கூகுள் மேப்ஸ் வழியாகத் தம் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்த உரிமை உண்டு என்றால், நம் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இல்லையா?

இன்று இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டில் உள்ள எல்லாப் போன்களையும் அவரவர் கையில் வைத்தே சரிபாருங்கள். முறை தெரியாதவர்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனுடன் வாருங்கள், இன்ஷா அல்லாஹ் உடனிருந்து காட்டித் தருவோம். அல்லாஹ் நம் குடும்பங்களையும் நம் அமானிதங்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.