பெக்கோ பாதையில் நடக்கப் போகிறீர்களா?

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ பாதை 300 கிலோமீற்றருக்கும் மேல், 22 கட்டங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையும் வழியில் வரும். முதன்முறை என்றால் கொட்டகலையிலிருந்து நோர்வூட் வரை போதும். கொட்டகலைக்கு ரயிலிலேயே போகலாம்.

காலையிலேயே புறப்படுங்கள். பின்னேரம் மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம்கூடத் தெரியாது.

மழைக்காலத்தில் அட்டைதான் பெரிய தொல்லை. காற்சட்டை விளிம்பை மேசுக்குள் சொருகி, ஈரச் சவர்க்காரத்தை மேசின்மேல் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்க வேண்டாம்; கடித்த இடத்தில் நகத்தை நுழைத்து மெல்ல நெம்பினால் விட்டுவிடும். கொஞ்ச நேரம் இரத்தம் கசியும், பயப்படாதீர்கள். கழுவித் துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலைக்குள் குறுக்கு வழி தேடாதீர்கள். வெட்டுக் குச்சிகள் காலைக் கிழிக்கும். ஒற்றையடிப் பாதையில் கொழுந்துச் சுமையோடு அக்காமார் வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். லயத்து வாசலும் ஒரு வீட்டு வாசல்தான். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.